சென்னியப்பனின் சார்ஜ் லைட்

இரவு பன்னிரண்டு மணி இருக்கும். சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டை விட்டு இறங்கினால் ஒரு இட்டேரி வரும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி. நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு மண் தடம். அந்த நேரத்தில் அதில் ஆள் நடமாட்டம் கிடையாது. தூரத்தில் லாரி மேடேறுகிற முனகல் மட்டும்... அதுவும் விட்டு விட்டுத்தான் கேட்கும்.

அந்தத் தடத்தில் செங்கோடன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். விடிய விடியத் தண்ணீர் கட்டிவிட்டு வர வேண்டிய கூலி ஆள். போன கொஞ்ச நேரத்திலேயே திரும்பிவிட்டான்.

கதவைத் தட்டவில்லை. வாசலில் நின்று மெல்லக் கூப்பிட்டான்.

"ஏனுங் ஆத்தா..."

வசந்தாமணி கதவைத் திறந்தாள்.

"என்ன செங்கோடா, கரண்ட் போயிருச்சா?"

"கரண்ட் இருக்குதுங்க. மோட்டாரும் ஓடுதுங்க."

"பொறவு?"

"அங்க... ஏற்கெனவே ஒருத்தரு கட்டிட்டு இருக்காங்க."

"யாரு?"

செங்கோடன் தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான். சேறு படாத கால்கள். பிறகு, "கூலி வேண்டாமுங்க" என்றான். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டான். இட்டேரிப் பக்கம் போகவில்லை. வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் விழுந்து போனான்.

வசந்தாமணி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சுவரில் ஆணி இருந்தது. அதில் மாட்டியிருந்த லைட் இல்லை.

சரி, கதை கேட்கிறவர்களில் யாராவது அந்த டார்ச்சை அணையுங்கள். கரண்ட் எப்போது வருமோ... பேட்டரிக் கட்டை வீணாகப் போகும். இருட்டில் காது நன்றாகக் கேட்கும்.

இது நம் குழந்தைவேலுவின் பெரியம்மா மகள் வசந்தாமணிக்கு நடந்தது. அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன். வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று பார்க்கிறேன். எங்கேயாவது முன்னே பின்னே போயிருந்தால் அது என் தவறு, அவன் தவறில்லை.

எண்பத்தாறாம் வருஷம். வசந்தாமணியின் புருஷன் சென்னியப்பன் ஆடிக் கடைசியில் இறந்துபோனார். செங்கோடன் திரும்பி வந்தது ஆவணி முதல் வாரத்தில். சென்னியப்பனுக்கும் அவர் அண்ணன் சின்னண்ணனுக்கும் பொதுவாக ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒரு ராத்திரி அண்ணனுக்குத் தண்ணீர், மறு ராத்திரி தம்பிக்கு. அந்த வருஷம் மோட்டார் ஓட்டுகிற கரண்ட் ராத்திரியில்தான் வந்தது. கிணற்றடியில் குடியிருந்த சின்னண்ணன் மோட்டாரைப் போட்டுவிடுவார். வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் முறைக்காரன் நின்று, மண்ணை வெட்டித் தன் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். ஆள் நிற்காவிட்டால் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத் தானாக அண்ணன் காட்டுக்குப் போய்விடும். மூன்று முறை தொடர்ந்து ஆள் நிற்கவில்லை என்றால் அந்த முறையே அண்ணனுக்கு என்பது அவர்கள் குடும்பப் பேச்சு.

முறை போனால் காட்டில் நிற்கிற மஞ்சள் பயிர் போகும். மஞ்சள் போனால் நிலம் வெறும் மானாவாரிக் காடு. கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குப் போய் நிற்க வேண்டியதுதான். புருஷன் செத்து வருஷம் திரும்பாமல் பெண் ராத்திரியில் வாசல் தாண்டக் கூடாது என்பதும் அவர்கள் வீட்டு வழக்கம். முதல் முறை துக்கத்தில் போயிற்று. இரண்டாவது முறைக்குக் கூலி ஆள் வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. மூன்றாவதுக்குத்தான் செங்கோடன்.

இப்போது அந்த லைட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சென்னியப்பன் முதலில் மூன்று கட்டை போடுகிற நீட்ட லைட்தான் வைத்திருந்தார். தண்ணீர் கட்டுகிறவனுக்கு ராத்திரி முழுக்க வெளிச்சம் வேண்டும். மடை உடைப்பெடுத்தால் பார்க்க வேண்டும், பாம்பைப் பார்க்க வேண்டும். ஒரு செட் கட்டை சில ராத்திரிதான் வரும். வெளிச்சம் மஞ்சளாகும், பிறகு செம்பாகும், பிறகு பீடிக் கங்கு மாதிரி ஆகும். கட்டைகளைக் கழற்றி ஓட்டின் மேல் வெயிலில் காய வைத்து இன்னும் ஒரு ராத்திரி ஓட்டுவார். அதற்கும் மேல் ஓடாது. மாசம் பிறந்தால் கட்டைச் செலவு.

அதனால்தான் சங்ககிரியில் அர்த்தநாரி கடையில் சார்ஜ் லைட் ஒன்று வாங்கினார். பகலில் கரண்டில் போட்டால் ராத்திரிக்கு எரியும். கட்டையே வாங்க வேண்டாம். வாங்கி வந்த அன்று வசந்தாமணியின் முகத்துக்கு நேரே அடித்து, "இனிச் செலவே இல்லெ, கண்ணு" என்றாராம்.

செலவு இருந்தது. பல்பு. சார்ஜிலிருந்து எடுத்த சூட்டில் சுவிட்சைத் தள்ளினால் பளீரென்று வெள்ளையாக ஒரு அடி அடிக்கும்... டப். போயிற்று. கட்டை லைட்டில் பல்பு வருஷக்கணக்கில் கிடக்கும். இதில் அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது.

இன்னொரு செலவும் அவர் மனதில் உறுத்தியது. வீட்டில் சார்ஜ் போட்டால் மீட்டர் ஓடும். மோட்டாருக்கு மீட்டர் இல்லை. வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் தீர்ந்தது. மோட்டாரை இழுக்காத பகல் கரண்ட் லைட்டுக்குப் போதும். ஆகவே லைட்டை மோட்டார் ரூமில் சார்ஜ் போட ஆரம்பித்தார். அங்கே பிளக் செருக இடம் கிடையாது. பிளக்கை அறுத்தெறிந்துவிட்டு, ஒயரின் இரண்டு நுனியையும் பல்லால் உரித்து, ஒன்றை ஃபியூஸ் கட்டையில் கொக்கி போட்டார், இன்னொன்றை நியூட்ரலில். நம் பக்கம் பாதிப் பேர் செய்கிற வேலைதான்.

அன்று கால் ஈரமாக இருந்தது.

சின்னண்ணன்தான் முதலில் பார்த்தார். ரப்பர் கருகிய வாடை... அதோடு இன்னொரு வாடை. ஒயர் தம்பியின் விரல்களுக்குள்ளேயே இருந்ததாம்.

வசந்தாமணி அழவில்லை. அழுத்தக்காரி என்று வந்தவர்கள் சொன்னார்கள். அவளுக்கு அழுகையும் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. பால் காய்ச்சினாள், குழந்தைக்கு ஆற்றினாள். ஆறிவிட்டதா என்று விரலை வைத்துப் பார்த்தால் விரலுக்குச் சூடு தெரியவில்லை. உதட்டில் வைத்துப் பார்த்துக் கொடுத்தாள்.

துக்கம் விசாரிக்க அர்த்தநாரியும் வந்தார். லைட் விற்றவர். கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஊட்டு மீட்டர்லயே போட்டிருந்தா எவ்வளவுங்க ஆயிருக்கும்?"

அர்த்தநாரி கடைக்காரர். கேட்டால் உடனே கணக்குச் சொல்லிப் பழகிய வாய். சொல்லிவிட்டார்.

"மாசம் பூரா போட்டாலும் ஒரு டீக் காசுதானுங்க ஆகும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வசந்தாமணி, "அப்படிங்களா" என்றாள். அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்க உள்ளே போனாள்.

செங்கோடன் திரும்பி வந்த மறுநாள் காலை.

லைட் ஆணியில் தொங்கியது. தாழ் போட்டது போட்டபடி இருந்தது. லைட்டின் சுவிட்சில் ஈரச் சேறு, கட்டைவிரல் அகலத்துக்கு. அவள் சுவிட்சைத் தள்ளிப் பார்த்தாள். எரியவில்லை. சார்ஜ் சுத்தமாக இறங்கியிருந்தது. கிட்டே கொண்டுபோனால் ரப்பர் வாடை அடித்தது.

வெளிச்சம் வந்ததும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். மஞ்சள் பாத்தி ஒன்று விடாமல் நனைந்திருந்தது. சென்னியப்பன் கடைப் பாத்தியை முதலில் நிரப்பிவிட்டு ஒவ்வொன்றாக முன்னால் வருவார். ஊரில் வேறு யாரும் அப்படிக் கட்ட மாட்டார்கள். கடைப் பாத்தியில் தண்ணீர் சுண்டி ஈர மண் தெரிந்தது. முன் பாத்தியில் இன்னும் நுரை நின்றது.

அவள் கத்தவில்லை, ஓடவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வீட்டுக்கு வந்தாள். லைட்டைத் துடைத்தாள். புது பிளக் வாங்கி வரச் சொல்லி ஒயரில் மாட்ட வைத்தாள். வீட்டு மீட்டரிலேயே சார்ஜ் போட்டாள்.

அடுத்த முறையன்று சாயங்காலம் லைட்டைக் கழற்றி ஆற வைத்து ஆணியில் மாட்டினாள். குழந்தையோடு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நடுராத்திரி ஆணி லேசாகக் கிரீச்சென்றது... டிக் என்று சுவிட்சு. அவள் திரும்பவில்லை. எழுந்து புழக்கடைக் கதவை ஒரு விரல் அகலம் திறந்து பார்த்தபோது, வாய்க்கால் பிரிகிற இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. மண்வெட்டியை இரண்டு கையாலும் பிடிக்கிறவன் லைட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வான். ஒவ்வொரு வெட்டுக்கும் வெளிச்சம் ஆடும். அந்த வெளிச்சம் அப்படித்தான் ஆடியது. சதக்... சதக்... பிறகு தண்ணீர் திரும்புகிற சத்தம்.

அவள் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கினாள். நம்புங்கள், தூங்கினாள் என்றுதான் குழந்தைவேலு சொன்னான். ஆள் கிடைத்துவிட்டது, முறை நிற்கும். அதற்கு மேல் நினைக்க அவளிடம் எதுவும் இல்லை.

இப்படியே புரட்டாசி வந்தது.

ஒரு நாள் லைட்டின் மூடியைத் திருகிப் பார்த்தாள். பல்பின் கண்ணாடி உள்ளுக்குள் புகை படிந்த மாதிரி கறுத்திருந்தது. அன்றுதான் அவளுக்கு முதன்முதலாக ஏதோ ஒன்று வந்தது. பயம் என்று அதற்குப் பெயர் என்பது கூடக் கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது. பல்பு போய்விட்டால்?

பகல் பஸ்ஸில் சங்ககிரிக்குப் போனாள்.

"ஏனுங், ஒரு பல்பு எத்தனை நாளைக்கு வரும்?"

"பல்பு ஆயுசு நாள் கணக்கு இல்லீங்க, மணிக் கணக்கு" என்றார் அர்த்தநாரி. "இருவது மணி நேரம் எரிஞ்சாப் பெருசு. நீங்க ராத்திரில எந்திரிச்சாப் பொழக்கடைக்குப் போகத்தானுங்களே? அதுக்கு வருஷம் ஓடும்."

"விடிய விடிய எரிஞ்சா?"

"எரியாதுங்களே. ஒரு சார்ஜுக்கு மூணு மணி நேரம். பொறவு படுத்துக்கும்."

"எரிஞ்சா?"

அர்த்தநாரி சிரித்தார். "எரிஞ்சா அது எங் கடைல வாங்குன லைட்டு இல்லீங்."

தான் மட்டும்தான் சிரிக்கிறோம் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். அவள் பல்பாகக் கேட்டாள். பால் விற்ற காசுக்கு எத்தனை வருமோ அத்தனை. ஒவ்வொன்றையும் கடையிலேயே எரிய வைத்துப் பார்த்து, பஞ்சில் சுற்றி வாங்கிக்கொண்டாள். கறுக்கத் தொடங்கும் முன்பே மாற்றிவிடுவது என்று வைத்துக்கொண்டாள். கட்டை லைட்டாகவே இருந்திருந்தால் இதைவிடச் செலவு குறைவாக இருந்திருக்கும். கட்டை லைட் ஆணியை விட்டு இறங்குமா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? ராத்திரி ராத்திரி வெளிச்சம் தெரிகிறது, கூலி ஆள் யாரும் போகவில்லை, மஞ்சள் மட்டும் கருகருவென்று நிற்கிறது. பேசத் தொடங்கினார்கள். பேயைப் பற்றியல்ல. ஆளைப் பற்றி.

சின்னண்ணன் ஒரு சாயங்காலம் வந்தார். நல்ல மனிதர்தான். தம்பி செத்ததிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப்போயிருந்தார். ஆனால் அன்றைக்கு முகம் சிவந்திருந்தது. அவளைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கூலி குடுத்தாலே ஆள் கெடைக்காத காலம். உனக்கு மட்டும் ஓசில எவன் அம்முணி தண்ணி கட்டறான்?"

அவள் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"எந் தம்பி எரிஞ்ச சூடு ஆறல. ஊர்ல என் காதுபடவே சிரிக்கறாங்க."

"என்னுங்க செய்யோணும்?"

"ஆளைக் காட்டு. இல்லாட்டி மொறைய உட்டுக் குடுத்துட்டு உங்கூட்டுக்குப் போ. மாசாமாசம் அரிசி பருப்பு நான் அனுப்பறேன்."

"நான் காட்ட முடியாதுங்க."

"அப்ப நானே பாத்துக்கறேன். இன்னிக்கு உன்ற மொறைதானே? அந்த லைட்டைக் குடு. வெளிச்சம் இல்லாம எவன் மடை திருப்பறான்னு பாக்கறேன்."

அவள் உள்ளே போனாள். லைட் சார்ஜில் இருந்தது. மூடியைத் திருகினாள். உள்ளே இருந்தது கறுத்துப்போன பல்பு, மாற்ற வேண்டிய நாள். அதை அப்படியே கொடுத்தனுப்பினால் பாதி வழியில் போய்விடும். மச்சாண்டார் சின்னண்ணன் தடுமாறித் திரும்பிவிடுவார். அவள் அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு பஞ்சைப் பிரித்துப் புது பல்பை எடுத்துப் போட்டாள். இன்று அவர் பார்க்காவிட்டால் நாளைக்கு வருவார், நாளை மறுநாள் வருவார். ஒரு நாள் முறை போய்விடும்.

"கொஞ்சம் ஆறட்டுமுங்க. சூட்டோட போட்டாப் போயிரும்" என்று சொல்லி நீட்டினாள்.

சின்னண்ணன் லைட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார்.

ராத்திரி மோட்டார் ஓடத் தொடங்கியது. அவள் அன்றைக்குப் படுக்கவில்லை. புழக்கடைக் கதவைத் திறந்து நிலைக்கு உள்ளேயே நின்றாள். இட்டேரியில் வெளிச்சம் வீசி வீசிப் போனது. கோபத்தில் நடக்கிற மனிதனின் வெளிச்சம். வாய்க்கால் பிரிகிற இடத்துக்குப் போனதும் நின்றது. அணைந்தது. உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது.

இருட்டு. தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துச் சின்னண்ணன் காட்டுப் பக்கம் ஓடுகிற களகள சத்தம். எங்கோ ஒரு ஆட்காட்டிக் குருவி கத்தி ஓய்ந்தது.

பிறகு... சதக்.

மண்வெட்டிச் சத்தம். அவர் மண்வெட்டி கொண்டுபோகவில்லை. அவள் வீட்டு மண்வெட்டி செங்கோடன் சாய்த்த இடத்திலேயே சாய்ந்திருந்தது.

சதக். சதக்.

"டேய்!" என்று ஒரு குரல். ஒரே ஒரு தடவை. அது சின்னண்ணனின் குரல்தான். ஆனால் அதட்டுகிற குரலாக இல்லை. சின்ன வயசில் தம்பியைக் கூப்பிட்ட குரலாக இருந்திருக்கும்.

டிக். வெளிச்சம் வந்தது. சுற்றிலும் ஒரு தடவை பாய்ந்தது. நின்றது. ரொம்ப நேரம் ஒரே இடத்தில் நின்றது. காற்றில் ரப்பர் வாடை வந்தது. பிறகு தண்ணீரின் சத்தம் மாறியது... இந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

வெளிச்சம் நகர்ந்தது. கடைப் பாத்தியை நோக்கிப் போனது. வழக்கம்போல ஆடவில்லை. தோள் உயரத்தில், தரையைப் பார்த்து, நடுங்கிக்கொண்டே போனது. ஒரு பாத்தியில் நின்றது. அடுத்ததற்கு வந்தது. இன்னொருவன் வேலை செய்ய, கூட நிற்கிறவன் விளக்குப் பிடிப்பானே, அது போல.

மூன்று மணி நேரச் சார்ஜ். கோழி கூவும் வரை எரிந்தது.

விடிந்து வெயில் ஏறிய பிறகுதான் சின்னண்ணன் வந்தார். வேட்டியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. கைகளும் சுத்தமாக இருந்தன. லைட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து அவள் முன்னால் தரையில் வைத்தார். அதன் மேல் பார்வை படாதபடி திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"மொறை உன்றதுதான் அம்முணி" என்றார். "நானும் கேக்க மாட்டேன். எம் பசங்களும் கேக்க மாட்டாங்க."

அவள் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"பாத்தீங்களா?"

"லைட்டுப் புடிச்சேன்."

"பேசுனாருங்களா?"

"ஒரு வாட்டி." செம்பைத் தரையில் வைத்தார். "மண்ணுக்கு அடிங்ண்ணா, மூஞ்சிக்கு மட்டும் அடிச்சராதீங்கன்னான்."

வசந்தாமணிக்குக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. வாய் தானாகக் கேட்டது.

"அடிச்சீங்களா?"

சின்னண்ணன் உள்ளங்கையைப் புருவத்துக்கு மேல் தூக்கி வெளிச்சத்தை மறைப்பதுபோல வைத்துக்கொண்டார். வெயில் அவர் முதுகுப் பக்கம் இருந்தது.

"அந்த லைட்டை அணை அம்முணி. கண்ணு கூசுது."

அவள் லைட்டை எடுத்துப் பார்த்தாள். சார்ஜ் இறங்கிக் கிடந்தது. புது பல்பு கரிக்கட்டையாகியிருந்தது.

"அணைஞ்சுதானுங்க இருக்குது."

"இல்லெ" என்றார் சின்னண்ணன். கண்களை இறுக்கி மூடியிருந்தார். மூடிய இமைகளுக்கு மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினார். "இன்னும் எம் மூஞ்சிக்கேதான் அடிச்சுட்டு இருக்கறான்."